பேச்சி எழுதிய ஆங்கிலம்

1

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஹாமில்டன் என்ற ஊரில், தண்ணீர் பம்புகளுக்கான உதிரிப் பாகங்களை வாங்கி விற்கும் சிறிய நிறுவனம் அது. நான் அங்கே சேர்ந்து பத்து வருடம் ஆகிவிட்டது. என் மேலதிகாரி கிரெக் கையில் காகிதத் தட்டோடு எழுந்து பேசினார். சுகுணா நேரத்துக்கு வந்துவிடுவார், எந்தக் கோப்பையும் தொலைத்ததில்லை என்றார். அதன் பிறகுதான் அவர் முகத்தில் களை வந்தது. "எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்குப் பீச்சியைத் தேடித் தந்தவர் இவர்தான்" என்றார். அதற்குத்தான் எல்லோரும் கைதட்டினார்கள்.

பீச்சி என்று அவர் சொன்னது பேச்சியம்மாளை. மதுரையில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு வரும் ரப்பர் வாஷர்கள் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. ஆங்கிலத்தில் பீச்சி என்றால் எல்லாம் சுகம் என்பது போல ஒரு பொருள் உண்டு. பெயரிலேயே அவளுக்கு அதிர்ஷ்டம். என் பெயரைப் பத்து வருடமாக இவர்கள் ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

ஊரில் இருக்கும் நீங்கள், வெளிநாட்டுக்குப் போனவளைப் பார்த்து உள்ளூரில் இருப்பவள்தான் ஏங்குவாள் என்று நினைப்பீர்கள். எங்கள் விஷயத்தில் அது தலைகீழ். பேச்சியைப் பார்த்து வயிறெரிந்தது நான். இதை இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. கேக்கை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன் பாருங்கள், அன்றுதான் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. எனக்கு இருபது வயதாகும்போது அங்கேதான் பேச்சியைப் பார்த்தேன். நான் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள். அப்பா தபால் ஆபீஸில் குமாஸ்தா. சம்பளத்தில் பாதியை என் கான்வென்ட் படிப்புக்கே செலவழித்தார். மூன்று பாஷை தெரிந்தவள் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

பேச்சி கீழக்குயில்குடி கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டில் விவசாயம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். மிஷினில் விரல் வேகமாகப் போகும், ஆனால் அடிக்கிற வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. பக்கத்தில் இருக்கும் என்னிடம் கேட்பாள். நான் சொல்லிக்கொடுப்பேன். அப்படிச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு இருந்த சுகத்தை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மாஸ்டர் வாரம் ஒருமுறை வணிகக் கடிதம் எழுதச் சொல்வார். ஒரு வாரம், ஆர்டர் செய்த நாற்காலிகள் உடைந்து வந்ததாகக் கம்பெனிக்கு எழுத வேண்டும். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் கொண்டுவர விழைகிறேன் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொல்லியிருந்தேன். பேச்சியின் தாளில் நான்கே வரிகள். பத்து நாற்காலி வந்தது. மூன்று உடைந்திருக்கிறது. வேறு மூன்று அனுப்புங்கள். காத்திருக்கிறோம்.

மாஸ்டர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இது லெட்டரா தந்தியா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட நான் அதிகமாகச் சிரித்தேன். பேச்சி தாளை வாங்கி மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பரீட்சையில் எனக்கு முதல் வகுப்பு. அவள் இரண்டாம் முறை எழுதித்தான் தேறினாள்.

3

கல்யாணமாகி, மகள் நித்யாவுக்கு மூன்று வயதாகும்போது கனடா வந்தோம். வந்த புதிதில் மருத்துவ அட்டையில் என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறி அச்சாகிவிட்டன. திருத்தம் கேட்டு அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். நம் ஊரில் முதலெழுத்து என்றால் என்ன, அது ஏன் முன்னால் வருகிறது, இதனால் எனக்கு ஏற்பட்ட மன உளைச்சல் என்ன என்று மூன்று பக்கம். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் கோரிக்கை என்ன என்பதைத் தெரிவிக்கவும் என்று இருந்தது. நான் கோபத்தில் நான்கு பக்கம் எழுதினேன். அட்டை சரியாக எட்டு மாதம் ஆயிற்று.

நித்யா இரண்டாம் வகுப்புக்குப் போனதும் எனக்கு இந்த வேலை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து, வாஷர் அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி மூடிவிட்டது. எங்கள் ஊரில் ரப்பர் தொழிற்சாலைகள் உண்டு என்று நான்தான் கிரெக்கிடம் சொன்னேன். மூன்று இடங்களுக்கு எழுதிப்போட்டதில் ஒரே இடத்திலிருந்து அன்றைக்கே பதில் வந்தது. ஐந்து வரி. கீழே பேச்சியம்மாள், டெஸ்பாட்ச் பிரிவு என்று பெயர். அவள்தானா என்று தொலைபேசியில் கேட்டேன். "பழங்காநத்தத்துல பக்கத்து மிஷின்ல இருந்தவ நாந்தான் சுகுணா" என்றாள். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். ஊரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

சந்தோஷம் சில மாதங்கள்தான் நின்றது. ஒருமுறை கப்பலில் சரக்கு ஏறவில்லை. இங்கே எல்லோருக்கும் பதற்றம். காலையில் பேச்சியின் மெயில் வந்திருந்தது. தூத்துக்குடியில் கப்பல் எங்கள் பெட்டிகள் இல்லாமல் போய்விட்டது. லேபிளைத் தப்பாக ஒட்டினோம், தவறு எங்களுடையது. அடுத்த வாரக் கப்பலில் நாற்பது பெட்டிகளும் வரும். அதற்குள் உங்கள் வேலை நின்றுபோகும் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஐந்து பெட்டியை விமானத்தில் அனுப்புகிறேன். அவ்வளவுதான். என்ன நடந்தது, யார் தவறு, அவள் என்ன செய்கிறாள், நாங்கள் எப்போதைக்குள் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருந்தது.

கிரெக் அதை அச்செடுத்து எல்லோருக்கும் காட்டினார். "இப்படி எழுத இந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். நான் முதல் வகுப்பில் தேறியவள் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

4

அதன் பிறகு கிரெக் மதுரைக்கு நேரடியாக எழுத ஆரம்பித்தார். எனக்கு நகல் மட்டும் வரும். என்னால் அறிமுகமானவர்கள் என்னைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். அவள் மெயில் வரும்போதெல்லாம் தவறு இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். சின்னச் சின்னத் தவறுகள் இருக்கும். ஒருமைக்குப் பன்மை, காலம் மாறிய வினை. யாரும் அவற்றைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வருடாந்திர மதிப்பீட்டுக் கூட்டத்தில் கிரெக் என்னிடம், உங்கள் ஆங்கிலம் மிகச் சரியாக இருக்கிறது, ஆனால் நீளம், பீச்சியைப் போல எழுதிப் பாருங்கள் என்றார். தலையாட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஒன்றரைப் பக்கம் எழுதியவளிடம் நான்கு வரி எழுதியவளைப் போல எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்?

வீட்டிலும் அதே பாடுதான். நித்யாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பருவம் வந்திருந்தது. காய்ச்சல் என்று அவள் வகுப்பாசிரியைக்கு நான் எழுதிய மெயிலைப் படித்துவிட்டு, "எதற்கு அம்மா அவரிடம் கெஞ்சுகிறாய்? எனக்குக் காய்ச்சல், அவ்வளவுதானே" என்றாள். நான் எழுதியதை அழித்துவிட்டு அவளே இரண்டு வரி எழுதி அனுப்பினாள். என்னிடம் கேட்கவும் இல்லை.

அந்த வாரம்தான் பேச்சியின் அந்த மெயில் வந்தது. தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாள். bear என்ற அந்த ஆங்கில வார்த்தையில் ஓர் எழுத்து இடம் மாறி bare ஆகிவிட்டால் பொருள் விபரீதமாகிவிடும். எங்களோடு ஆடையில்லாமல் இருங்கள் என்று ஆகிவிடும். அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். பழைய மெயில்களைத் தேடிப் பார்த்தேன். இரண்டு வருடமாக அதையே எழுதி வந்திருக்கிறாள். இத்தனை நாள் என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

அவளுக்கு ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. அந்த மெயிலை அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன். "நம் நட்சத்திரம் எழுதியதைப் பாருங்கள். பயப்படாதீர்கள், நாளைக்கு உடுத்திக்கொண்டே வேலைக்கு வரலாம்" என்று மேலே எழுதினேன். இந்த நாட்டில் நான் எழுதியதைப் படித்து ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்முறை. இடைவழியில் என்னை நிறுத்தித் தோளைத் தட்டினார்கள். ஒரு பகல் முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிரெக் மட்டும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் அடுத்த ஆர்டர் விவரம் கேட்டுப் பேச்சிக்கு எழுதினார். புதிதாக ஒன்றைத் திறக்காமல், கைக்கு அகப்பட்ட பழைய மெயில் ஒன்றிலேயே அவள் முகவரியைப் போட்டு எழுதி அனுப்பிவிட்டார். நகல் எனக்கு வந்தது. கீழே உருட்டிப் பார்த்தபோது என் கேலி வரி அப்படியே இருந்தது. அது மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

5

பேச்சியிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாள் வேறொருவரிடமிருந்து வந்தது. முதலாளியின் அக்காள் மகன், சென்னையில் எம்.பி.ஏ. முடித்த பிரசன்னா. தங்கள் மேலான மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றோம் என்று தொடங்கி ஒரு பக்கம். கிரெக் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இதில் பெட்டிகள் வருமா வராதா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. என் கையெழுத்தையே கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது.

மூன்று மாதம் இப்படியே போனது. சரக்கு தவறி வந்தது, விளக்கம் நீண்டு வந்தது. இந்த வருடத்தோடு மதுரையை நிறுத்திக்கொள்ளலாம் என்று கிரெக் யோசிக்க ஆரம்பித்தார். அந்தக் கோடை விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் புறப்பட்டபோது, பீச்சிக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து வாருங்கள் என்றார்.

நான் தொலைபேசியில் கூப்பிட, ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சி மதுரை காளவாசலில் ஒரு பேக்கரிக்கு வந்தாள். பதினைந்து வருடம் கழித்துப் பார்க்கிறேன். முகம் அதேதான், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். டீ வந்ததும் நான் எதையெதையோ பேசினேன். மகள் படிப்பு, குளிர், பனி. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நான் நிறுத்தியதும் விஷயத்துக்கு வந்தாள்.

"மொதலாளி அந்த மெயில அச்செடுத்து மேசையில வச்சிருந்தாரு சுகுணா. கம்பெனி மானம் போகுதேம்மான்னாரு. மறுநாளே மெயில் வேலை அந்தத் தம்பிக்குப் போயிருச்சு. இப்ப நான் பெட்டிக்கு லேபிள் ஒட்டுறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சிரிச்சது கூடப் போகட்டும். தப்புன்னு உனக்குத் தெரியும்ல? எனக்கு ஒரு வரி எழுதியிருந்தா திருத்தியிருப்பேன். ஜெர்மனிக்காரனுக்கு, துபாய்க்காரனுக்கு, அம்புட்டுப் பேருக்கும் அதத்தான எழுதிக்கிட்டிருந்தேன்."

பேச்சை மாற்ற, அவள் இப்படி எழுத எங்கே படித்தாள் என்று கேட்டேன். இத்தனை நாளும் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. படிக்கவில்லை என்றாள். ஆரம்பத்தில் பழைய ஃபைல்களைப் பார்த்துப் பெரிய வார்த்தைகளை எடுத்துப் போட்டிருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்களாம். இவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு முழிப்பாளாம். அன்றிலிருந்து, கேட்டால் வாயால் விளக்க முடியாத எதையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காத. உன் மெயில் வந்தா நான் கடைசியிலருந்துதான் படிப்பேன். கேக்க வந்ததை நீ அங்கதான் ஒளிச்சு வச்சிருப்ப."

எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. உன் முதலாளிக்கு எழுதுகிறேன், நீ பக்கத்தில் இரு என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். நான் அடிக்க ஆரம்பித்தேன். பத்து வரிக்கு மேல் போய்விட்டது. நாங்கள் ஏன் உங்களிடம் வாங்குகிறோம் என்பதைச் சொல்லவே ஐந்து வரி ஆயிற்று.

"இது எதுக்கு?" என்று ஒரு வரியைத் தொட்டாள். எடுத்தேன். "இது?" அதையும் எடுத்தேன். கடைசியில் இவ்வளவு மிஞ்சியது: பேச்சியம்மாளின் மெயிலைக் கேலி செய்தவள் நான். விளையாட்டாகச் செய்துவிட்டேன். அதில் தவறு ஒரே ஒரு வார்த்தை. அவர் எழுதிய எதுவும் எங்களுக்குப் புரியாமல் போனதில்லை. இப்போது வரும் மெயில்கள் புரியவில்லை, அதனால் எங்கள் மேலாளர் வேறு இடம் பார்க்கிறார். மறுபடி அவரையே எழுதச் சொல்லுங்கள்.

பேச்சி அதை மெதுவாக, உதடு அசைய, முதலிலிருந்து படித்தாள். இரண்டாவது வரியில் விரலை வைத்தாள்.

"இத எடுத்துரு."

"ஏன்? விளையாட்டாத்தான பேச்சி..."

"வெளையாட்டா செய்யல நீ."

குரலில் கோபம் இல்லை. லேபிள் தப்பாக ஒட்டியிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். நான் அந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே, "கிரெக்குக்கும் காப்பி போடு. இல்லாட்டி மொதலாளி நம்ப மாட்டாரு" என்றாள்.

அதற்குத்தான் நேரமாயிற்று. அந்த வருடம் அலுவலகத்தில் மூத்த கொள்முதல் அதிகாரி இடம் காலியாகியிருந்தது. எனக்குத்தான் என்று இருந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்துத் தடுப்பில் யாரோ வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி என்னை அவசரப்படுத்தவில்லை. கிரெக்கின் முகவரியைச் சேர்த்து அனுப்பினேன்.

6

பத்து நாளில் கனடா மெயில்கள் அவள் கைக்குத் திரும்பின. ஆறு மாதத்தில் எல்லா நாட்டு மெயில்களும். நான் திரும்பி வந்த முதல் நாள் கிரெக் அறைக்குக் கூப்பிட்டார். நீங்கள் அவரை நினைத்துப் பெருமைப்படுகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். மூத்த அதிகாரி இடம் வேறொருவருக்குப் போனது. காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை. வெளியே வரும்போது, நீங்கள் எழுதியதிலேயே அதுதான் நல்ல மெயில் என்றார். அதில் பாதி அவள் அழித்ததால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு பாராட்டையாவது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இப்போது பேச்சி அந்தத் தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவையே பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் டொராண்டோவில் ஒரு கண்காட்சிக்கு வந்தவள், நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்கினாள். கிரெக் விமான நிலையத்துக்குப் பூங்கொத்தோடு வந்தார். நாங்கள் வந்து இறங்கிய நாளில் எங்களுக்காக யாரும் வரவில்லை என்பது அப்போது ஏன் நினைவுக்கு வந்ததோ தெரியவில்லை.

நித்யாவுக்குப் பதினேழு வயது. என்னோடு பேச அவளுக்கு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். பேச்சியோடு மணிக்கணக்கில் பேசினாள். இவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழும், அவள் பேசும் எளிய ஆங்கிலமும் எப்படியோ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. "பேச்சி அத்தை, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று என் மகள் கேட்பதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். என்னிடம் அவள் அப்படிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

சனிக்கிழமை காலை நானும் பேச்சியும் மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நித்யா பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு, தன்னைப் பற்றி எழுதிய ஒரு பக்கத் தாளோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பேச்சியின் பக்கம் போய் உட்கார்ந்தாள். பேச்சி ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள். தாளை என் பக்கம் நகர்த்துவாள் என்று நினைத்தேன். நகர்த்தவில்லை. பேனா கேட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மெதுவாக, உதடு அசையப் படித்துவிட்டு, நடுவில் ஒரு வரியை மட்டும் அடித்தாள். நித்யா அதைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். இருவரும் எழுந்து போன பிறகு அந்தத் தாளை எடுத்து, கோட்டுக்கு அடியில் இருந்த வரியைப் படித்தேன். என்னிடம் காட்டியிருந்தால், அந்த வரிதான் அழகாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.